கறுப்புக் கோட்டும் திருவாதிரையும்

சாந்திதான் எழுதச் சொன்னது. போட்டோ லேபில் புதுசாக மூணு பேர் கலர் கரெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களாம். "நாலு வார்த்தை எழுதிக் குடுங்க அண்ணா. வாயால சொன்னா கேக்க மாட்டேங்குதுங்க. படிச்சாவது தொலைக்கட்டும்" என்றது. நான் எட்டாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் சாந்தி திருத்திக்கொள்ளட்டும்.

எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முப்பது வருஷம் உட்கார்ந்த சீட்டை விட்டு நான் எப்படி எழுந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். கல்யாண ஆல்பம் என்னை எழுப்பவில்லை. ஒரு டீச்சர் வானத்தைப் பிடித்துக்கொண்டு வந்த படம் எழுப்பியது.

அதற்கு முன்னால் ஒரு கோட்டு.

தை மாசம். முகூர்த்த நாள் நெருக்கி நெருக்கி வந்த நேரம். பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் அக்கா. ரிசப்ஷன் பக்கத்தைத் திறந்து கவுன்ட்டரில் வைத்தார்.

"பாய், என் தம்பி போட்டது கறுப்புக் கோட்டு. துணி எடுத்தவளே நான்தான். இதுல இன்னா, போலீஸ் பேண்ட் வாசிக்கிறவன் மாதிரி நீலமா கீது?"

பார்த்தேன். எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது.

"வீட்ல என்ன லைட்டும்மா?"

"டியூப்லைட்டு."

"அதான். வெள்ளை லைட்டுல பாத்தா நீலம் அடிக்கும். மஞ்ச பல்பு போட்டுப் பாருங்க."

"பல்புக்கும் கோட்டுக்கும் இன்னா பாய் சம்பந்தம்?"

"முப்பது வருஷமா இதே வேலைம்மா."

அந்த அம்மா ஆல்பத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது முதலாளியைப் பார்த்து, "நல்ல ஆளை உக்கார வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்த "முப்பது வருஷமா" என்ற பேச்சைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாதவன் சொல்லும் பதில் அது.

இரண்டு வாரம் கழித்து பிரிசில்லா டீச்சர் வந்தார். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறவர். பிள்ளைகளின் புரோகிரஸ் கார்டு போட்டோவுக்கு வருஷா வருஷம் நம்மிடம்தான் வருவார். அன்றைக்கு ஒரு பென் டிரைவைக் கொடுத்தார்.

"பாய், இது நான் எடுத்தது. சாதா கேமராதான், செகண்ட் ஹேண்ட். ஏரிக்கரையில ஸ்டாண்டு போட்டு எடுத்தேன். எக்ஸிபிஷனுக்கு பெரிய பிரிண்ட் வேணும். மெட்ராஸ்ல நட்சத்திரமே தெரியாதுன்னு பசங்க சொல்லுதுங்க. இருக்குன்னு காட்டணும்."

"எத்தனை படம் டீச்சர்?"

"நூறு."

"பிரிண்ட்?"

"ஒண்ணு."

திறந்து பார்த்தேன். எண்பது படம் ஒரே மாதிரி. மங்கலான காப்பிக் கலர் வானம், நடுவில் உப்பைத் தூவினாற்போல் கொஞ்சம் புள்ளி. மீதி இருபதும் வெறும் இருட்டு. லென்ஸ் மூடியை எடுக்காமல் அமுக்கியிருக்கிறார், பாவம், என்று நினைத்தேன்.

நம் தொழிலில் முதல் வேலை கழிப்பது. உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கண் மூடினது, கை ஆடினது, ஃபிளாஷ் அடிக்காதது எல்லாம் முதலில் வெளியே போகும். ஒரே மாதிரி பத்து இருந்தால் ஒன்று மட்டும் நிற்கும். நானும் கழித்தேன். இருட்டு இருபதும் போச்சு. எண்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதையும் அழித்தேன். பத்து நிமிஷ வேலை. அந்த ஒன்றைப் பிரகாசமாக்கினேன். வானம் முழுக்க மணல் மணலாகக் கிளம்பியது. முகத்துக்குப் போடுகிற ஸ்கின் ஸ்மூத் போட்டேன். மணல் போனது. கூடவே பாதி நட்சத்திரமும் போனது. போனது எனக்குத் தெரியவில்லை. மொத்தம் எத்தனை இருந்தது என்று நான் எண்ணியிருந்தால்தானே.

சாயங்காலம் டீச்சர் வந்து ஸ்கிரீனைப் பார்த்தார்.

"மத்த படமெல்லாம் எங்க பாய்?"

"ஒரே மாதிரி இருந்தது. கழிச்சிட்டேன்."

"அந்த இருட்டுப் படம்?"

"மூடி எடுக்க மறந்துட்டீங்க டீச்சர். அதையும்தான்."

அவர் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சாந்தி அப்போது ஆல்பம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தது. வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது.

"மூடி போட்டுத்தான் பாய் எடுக்கணும். கேமராவுக்கு உள்ளயே சில புள்ளி தப்பா எரியும். சிவப்பா, பச்சையா. மூடி போட்டு எடுத்தா அது மட்டும் தனியா பதியும். அதை இதுலருந்து கழிச்சா நட்சத்திரம் மட்டும் நிக்கும். எதை வெச்சுக் கழிக்கணுமோ, நீங்க அதையே கழிச்சிட்டீங்க."

"எண்பது எதுக்கு?"

"ஒண்ணுமேல ஒண்ணு பொருத்தி வெச்சா நட்சத்திரம் அதே இடத்துல நிக்கும். மணல் மட்டும் இடம் மாறும். அடுக்கினா மணல் கரைஞ்சிடும்."

எனக்கு அது உடனே பிடிபட்டது. ஜி.எஸ்.டி ரோட்டில் ஒரு விபத்து நடக்கிறது. எண்பது பேர் வந்து சொல்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு பொய் சேர்க்கிறார்கள். எண்பதையும் கேட்டால் பொய் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. விபத்து மட்டும் மிஞ்சும். நல்ல சாட்சி ஒருவன் போதும் என்று நினைத்தது என் தப்பு.

நல்லவேளை, கேமரா கார்டில் எல்லாம் இருந்தது. டீச்சர் அழிக்காமல் வைத்திருந்தார். எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது புத்தி இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் அடுக்கினோம். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர், சும்மா கிடைப்பது. பூமி சுத்துகிறதால் எண்பது படத்திலும் நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சாஃப்ட்வேரே நட்சத்திரத்தை நட்சத்திரத்தின்மேல் பொருத்தி வைத்தது. முடிந்ததும் பார்த்தால் மணல் இல்லை. புள்ளிகள் ஊசி குத்தின மாதிரி. ஆனால் வானம் இன்னும் அதே காப்பி. ஊர் விளக்கெல்லாம் மேலே போய்ப் படிந்த கலர். "இனி கலர் உங்க பாடு பாய்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பள்ளிக்கூடம் போய்விட்டார்.

கலர் என் பாடுதான். அதில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று இருந்தேன். சிவப்பை இறக்கினேன், நீலத்தை ஏற்றினேன். காப்பி குறைந்தது. இன்னும் ஏற்றினேன். கடைசியில் நல்ல கறுப்பு வானம் கிடைத்தது. சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டு மேசையில் வைத்தேன்.

மத்தியானம் இடைவேளையில் டீச்சர் ஓடி வந்தார். பிரிண்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன டீச்சர்?"

"வானம் ஏன் பாய் நீலமா இருக்கு? இங்க் ஊத்தின மாதிரி."

"கறுப்புதானே."

"இது திருவாதிரை பாய்." வரிசையாக நிற்கிற மூணு நட்சத்திரத்துக்கு மேலே ஒன்றைக் காட்டினார். "இது சிவப்பு. வெறும் கண்ணால பாத்தாலே தெரியும். கீழ இருக்கே, ரைஜல், அது நீல வெள்ளை. ஒரே படத்துல சிவப்பும் நீலமும். அதைக் காட்டத்தான் இதை எடுத்தேன். நீங்க ரெண்டையும் ஒரே கலரா ஆக்கிட்டீங்க."

"மானிட்டர் கோளாறா இருக்கும்."

"இது பிரிண்ட் பாய்."

"இங்க லைட்டு சரியில்ல டீச்சர்."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் காதில் விழுந்தது. பீர்க்கன்கரணை அம்மா நின்ற அதே கவுன்ட்டர்.

எழுந்தேன். பிரிண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கேம்ப் ரோட்டு வெயில். அதைவிட நல்ல லைட் உலகத்தில் கிடையாது. அங்கேயும் எனக்கு வானம் கறுப்புதான். சாந்தியைக் கூப்பிட்டேன்.

"என்ன கலர்?"

"எது?"

"வானம்."

சாந்தி என் முகத்தைப் பார்த்தது. அப்புறம் படத்தைப் பார்த்தது.

"நீலம் அண்ணா. ஸ்கூல் பாவாடை நீலம்."

"விளையாடாதே."

"உங்ககூட இன்னா அண்ணா விளையாட்டு எனக்கு?"

நான் தொழில் பழகினது ஃபிலிம் காலத்தில், தாம்பரத்தில் ஒரு கலர் லேபில். அங்கே ஒரு பிரிண்டர் இருந்தார். பேர் வேண்டாம். அதிகம் பேசாதவர். சுவரில் ஒரு பட்டை தொங்கவிட்டிருப்பார். வெள்ளை, சாம்பல், கறுப்பு, மூணு கட்டம். காலையில் வரும் முதல் பிரிண்டை அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் பிடிக்காமல் யாரும் உட்காரக் கூடாது. அவரும்தான். "சார், உங்களுக்குமா?" என்று ஒருநாள் கேட்டேன். "நேத்து இருந்த கண்ணு இன்னைக்கு இருக்கும்னு யாரு எழுதிக் குடுத்தா?" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. லேப் டிஜிட்டல் ஆனபோது பட்டையைக் கழற்றிப் போட்டார்கள். கழற்றினவன் நான்.

டிஜிட்டலில் பட்டைக்குப் பதில் நம்பர் இருக்கிறது. படத்தில் எங்கே மவுஸ் அம்பை வைத்தாலும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று ஓரத்தில் காட்டும். மூணும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அது கறுப்பு, சாம்பல், வெள்ளை, ஏதோ ஒன்று. நான் அந்த ஓரத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து, நட்சத்திரம் இல்லாத வெறும் வானத்தில் அம்பை வைத்தேன்.

நீலம் மற்ற இரண்டையும்போல் இரண்டு மடங்கு நின்றது.

முகத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மனுஷ முகம் ஆளுக்கு ஒரு கலர். பவுடர் வேறு, மேக்கப் வேறு, மேடை லைட் வேறு. யார் வந்து சண்டை போட்டாலும் சமாளித்துவிடலாம். நானும் சமாளித்தேன். திருவாதிரையிடம் அது நடக்கவில்லை. அது ஊருக்கெல்லாம் சிவப்பு.

அப்போது மணி மூணு. பிரிண்டிங் மெஷினில் ஒரு கல்யாண ஆல்பம் ஏறப் போகிறது. நான் கலர் பார்த்தது. மாப்பிள்ளைக்குக் கறுப்பு ஷெர்வானி. ஐந்து மணிக்குக் கல்யாண வீட்டுப் பார்ட்டி வரும். ராத்திரி ஃபிளைட்டில் ஆல்பத்தைக் கொண்டுபோகிறார்கள்.

அந்த ஃபைலைத் திறந்து ஷெர்வானியில் அம்பை வைத்தேன். நீலம். தலைமுடியில் வைத்தேன். நீலம். அதற்கு முந்தின வாரத்து ஆல்பம், அதற்கு முந்தினது, எல்லாவற்றிலும் இருட்டான இடமெல்லாம் நீலம்.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுத வேண்டும். சொல்லாமலே விட்டிருக்கலாம். நாளையிலிருந்து யாருக்கும் தெரியாமல் நம்பரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்திருக்கலாம். இந்த ஆல்பம் வெளியூர் போகிறது, திரும்பி வராது. வீட்டில் சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது. இதெல்லாம் நினைத்தேன். மெஷின் சூடாகிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"ஓட்டாதீங்க" என்றேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன பாய்?"

"கலர் தப்பு."

"நீங்க பாத்ததுதானே?"

"ஆமா. நான் பாத்ததாலதான். என் கண்ணு போச்சு. நீலம் தெரியல."

"என்ன பாய், விளையாட்டா? அஞ்சு மணிக்குப் பார்ட்டி வருது."

"தெரியும்."

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியாது."

அந்தப் பதில்தான் அவரைத் தாக்கியது. பத்து நாள் என்றால் பத்து நாள் ஆல்பத்தைத் திருப்பி வாங்கலாம். தெரியாது என்றால் எங்கேயிருந்து தொடங்குவது? கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "இப்ப என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்க" என்றார். நல்ல மனுஷன். திட்டுவதைத் தள்ளி வைக்கத் தெரிந்தவர்.

"சாந்தி உக்காரட்டும். முகத்தைத் தொட வேணாம், நேரம் இல்ல. கறுப்பை மட்டும் நம்பர் பாத்து சரி பண்ணா போதும்."

"எனக்கு கலர் கரெக்‌ஷன் தெரியாது அண்ணா" என்றது சாந்தி.

"எனக்கும் தெரியலை. நம்பருக்குத் தெரியும். உக்காரு."

நான் எழுந்தேன். அது உட்கார்ந்தது. பக்கத்தில் நின்று எங்கே அம்பை வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். தலைமுடி, ஷெர்வானி, நாற்காலிக்கு அடியில் இருக்கிற நிழல். மூணையும் சமம் பண்ணு, அடுத்த பக்கம். ஐந்தரைக்கு ஆல்பம் போனது. பார்ட்டிக்காரர்கள் அரைமணி நேரம் கத்தினார்கள். கத்தட்டும்.

டீச்சர் படத்தை மறுநாள் சாந்தி முடித்தது. வானத்தை நம்பர் வைத்துச் சமம் பண்ணியது, ரொம்பவும் கறுப்பாக்காமல். ஒரேயடியாகக் கறுப்பாக்கினால் மங்கலான நட்சத்திரம் உள்ளே முங்கிப்போகும். வானம் சரியானதும் நட்சத்திரத்தின் கலர் தானாக வந்ததாம். ஒவ்வொன்றையும் தனியாகத் தொடவே வேண்டியிருக்கவில்லை. டீச்சர் பெரிய பிரிண்டை விரித்துப் பார்த்து, "இதோ பாரு சாந்தி, சிவப்பு" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். நான் ஓரமாக நின்றேன். எனக்கு அன்றைக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் புரை என்றார்கள். இரண்டு கண்ணிலும் நன்றாகப் பழுத்திருக்கிறது, கருநீலமும் கறுப்பும் உங்களுக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும், மெல்ல மெல்ல வருவதால் ஆளுக்குத் தெரியாது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். போட்டோ லேப் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் வலது கண்ணில் ஆபரேஷன். கொஞ்ச நாள் கழித்து லேபுக்குப் போனேன். என் சீட்டில் சாந்தி. நான் முதலில் போட்ட சின்ன பிரிண்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தது. இடது கண்ணால் பார்த்தேன். கறுப்பு வானம். இடதை மூடிக்கொண்டு வலதால் பார்த்தேன்.

அவ்வளவு நீலம். அதை நானா செய்தேன்?

"உக்காருறீங்களா அண்ணா?" என்று சாந்தி எழுந்தது.

"வேணாம். நீ இரு. பீர்க்கன்கரணை கல்யாணம் ஒண்ணு, தை மாசம். ஃபைல் இருக்கா பாரு. கோட்டு வர்ற பக்கமெல்லாம் திரும்பப் போடணும்."

புதுப் பக்கங்களை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஏரிக்குப் போகிற வழியில் வீடு. அந்த அம்மா கதவைத் திறந்து, என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துத் தயங்கினார். அப்புறம் அடையாளம் தெரிந்தது.

"அய்யோ, வாங்க பாய், உக்காருங்க. நானே வரணும்னு இருந்தேன். அன்னைக்குக் கோவத்துல பேசிட்டேன். நீங்க சொன்னது கரெக்ட்டு பாய். மஞ்ச பல்பு போட்டதும் கோட்டு சரியாயிடுச்சு. எங்க வூட்டுக்காரருக்குப் பேப்பர் படிக்க முடியலைன்னு தினமும் பேஜாரு. கெடக்கட்டும்னு அப்படியே விட்டுட்டேன்."

ஹாலில் மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பகல் வேளை. ஜன்னல் இல்லாத ஹால்.

பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீயைக் குடித்துவிட்டு நல்லா இருங்கம்மா என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவர் ஏற்கெனவே என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார், செய்யாத தப்புக்கு.

"பல்பு இல்லம்மா" என்றேன். "நீங்க சொன்னதுதான் சரி. நீலம்தான். எனக்குக் கண்ணு தெரியல."

"இன்னா பாய் சொல்றீங்க?"

"புதுசா போட்டுக் கொண்டாந்திருக்கேன். கோட்டு வீட்ல இருக்கா?"

இருந்தது. ஒரே நாள் போட்ட கோட்டு, பீரோவில் கவர் போட்டுத் தொங்கியது. வாசலுக்குக் கொண்டுவந்தார். புதுப் பக்கத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். கண்ணாடியைக் கழற்றி, ஆபரேஷன் ஆன கண்ணால் பார்த்தேன். பிறகு அவரிடம் கொடுத்தேன். என் கண் போதாது. அவர் படத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கறுப்பு" என்றார்.

"ஆமா."

"நான் ஒரு கூமுட்டை பாய். அன்னைக்கே இந்தக் கோட்டைக் கையோட எடுத்துனு வந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன். "கோட்டு சாயம் போயிடுச்சுன்னு சொல்லியிருப்பேன்."